விம்பிள்டனுக்கு அப்பால்: ராமநாதன் கிருஷ்ணனின் ஆட்ட வாழ்வை அளப்பது எப்படி?

ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. 1937இல் நாகர்கோவிலில் பிறந்தார், 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் ஆசியர் அவர், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார், பட்டம் வெல்லவில்லை. கடைசியில் வரும் அந்த 'இல்லை' முழு வாழ்வின் மீதும் நிழலாக விழுந்துவிடுகிறது. அதற்கு முன் நடந்தவை அனைத்தும் எட்டாத ஓர் உச்சியை நோக்கிய படிகளாகவே வாசிக்கப்படுகின்றன. இந்த வாசிப்பு தவறு என்பதே என் வாதம். கிருஷ்ணனின் ஆட்ட வாழ்வுக்கு வேறொரு மையம் இருந்தது. அந்த மையம் டேவிஸ் கோப்பை. பிற்காலத்து அளவுகோலைக் கொண்டு அளப்பதால்தான் அது நம் கண்ணில் படாமல் போகிறது.

முதலில் அந்த அளவுகோலின் வயதைப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் எத்தனை கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார் என்று எண்ணி அவருடைய இடத்தை நிறுவுவது இன்று இயல்பான வழக்கம். கிருஷ்ணன் ஆடிய காலத்தில் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சன் 12 ஒற்றையர் பட்டங்களை வென்று முடித்தது 1967இல். அந்த எண் பெரிதாகப் பேசப்பட்டதோ 1990களின் இறுதியில், பீட் சாம்ப்ரஸ் அதை நெருங்கியபோது. அதே எமர்சனைத்தான் 1961 விம்பிள்டன் காலிறுதியில் கிருஷ்ணன் 6-1, 6-4, 6-4 என நேர் செட்களில் வென்றார். பட்டங்களை எண்ணும் கணக்கில் இந்த வெற்றிக்கு ஓர் இடமும் கிடையாது.

அன்றைய டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1968 ஏப்ரலில் போர்ன்மத்தில் முதல் திறந்தநிலைப் போட்டி நடக்கும்வரை, பணம் பெற்று ஆடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டவருக்கு விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அடைபட்ட கதவுகள். 1960இல் பாஞ்சோ கொன்சாலஸ், லூ ஹோட், கென் ரோஸ்வால் மூவரும் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தனர். 1954 சிறுவர் இறுதியில் கிருஷ்ணனிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், 1958இல் விம்பிள்டனை வென்ற கையோடு தொழில்முறைக்குப் போய்விட்டார். ஆகவே விம்பிள்டன் பட்டம் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை அடையாளம் காட்டியது என்று அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல முடியாது. இந்த வாதம் இருபுறமும் வெட்டும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. கிருஷ்ணனின் இரண்டு அரையிறுதிகளும் அதே குறைபட்ட களத்தில்தான் வந்தன. அதனால்தான் அவற்றை உயர்த்திப் பிடிப்பதும், அவற்றுக்கு மேலே போகவில்லையே என்று வருந்துவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களாக எனக்குத் தோன்றுகின்றன.

1959ஆம் ஆண்டு இங்கே முக்கியமானது. அந்த ஆண்டு லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியின் இறுதியில் நீல் ஃபிரேசரை வென்றார் கிருஷ்ணன். பாஸ்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியில் ராட் லேவரையும் வீழ்த்தினார். தொழில்முறைச் சுற்றை நடத்திவந்த ஜாக் கிரேமர் அவரைத் தேடிவந்தது இந்தச் சூழலில்தான். மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் என்று அந்த அழைப்பின் தொகை சொல்லப்படுகிறது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். தேசப்பற்றுக்காகச் செய்த தியாகம் என்றே இது நம்மிடையே சொல்லப்பட்டு வருகிறது. தியாகம் என்ற சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. இழந்ததை மட்டும் காட்டி, எதைத் தக்கவைத்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக அவர் ஆடியிருக்க முடியாது. கிரேமரின் சுற்று ஊர் ஊராகப் போய், உள்ளரங்குகளில் கான்வாஸ் விரித்து, இரவுக்கு ஓர் ஆட்டம் என்று நடந்தது. வேகமான செர்வ் உள்ளவருக்கே அந்தத் தரை கைகொடுக்கும். கிருஷ்ணனின் செர்வ் மென்மையானது. அவருடைய பலம் பந்தை நேரத்தோடு எதிர்கொள்வதிலும், ஹாஃப் வாலியிலும், எதிராளியை இடம் மாற வைத்துத் தளரச் செய்வதிலும் இருந்தது. எனவே அந்த மறுப்பில் ஒரு விளையாட்டு வீரரின் தெளிந்த கணிப்பும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். தன் ஆட்டத்துக்கு எந்த மேடை பொருந்தும் என்று அறிந்தவரின் முடிவாக அதை வாசித்தால் அவருக்குப் பெருமை குறையாது.

டேவிஸ் கோப்பையின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1971 வரை முந்தைய ஆண்டின் வெற்றியாளர் எந்தச் சுற்றிலும் ஆட வேண்டியதில்லை. தன் சொந்த மண்ணில் காத்திருந்து இறுதியில் மட்டும் ஆடினால் போதும். மற்ற நாடுகள் மண்டலச் சுற்றுகளை வென்று, பின் மண்டலங்களுக்கு இடையிலான சுற்றுகளைத் தாண்டி அந்த ஒரு சவால் சுற்றுக்கு வர வேண்டும். 1950 முதல் 1967 வரை அந்தக் கோப்பை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிடமே இருந்தது. ஒற்றையர் இரண்டு நாள், நடுவில் இரட்டையர் ஒரு நாள்: மூன்று நாட்களும் ஒரே மனிதரின் தோள்மீது விழும்படியான ஏற்பாடு அது. இந்தியா போன்ற, ஆள்பலம் குறைந்த அணிக்கு இதன் பொருள் வெளிப்படை. கிருஷ்ணன் ஒற்றையரிலும் இரட்டையரிலுமாக டேவிஸ் கோப்பையில் 69 ஆட்டங்களை வென்றிருக்கிறார். அவருடைய வாழ்வின் எடை எங்கே இருந்தது என்பதற்கு இந்த எண் போதுமான சான்று.

1966இல் கல்கத்தாவின் புல்தரையில் பிரேசிலுக்கு எதிராக நடந்த ஐந்தாவது ஆட்டத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவை போர்ட்டோ அலெக்ரேயில் வீழ்த்திவிட்டு வந்திருந்த அணி பிரேசில். போட்டி 2-2 என்ற சமநிலை. எதிரே இடக்கை ஆட்டக்காரர் தாமஸ் காக். முதல் செட் காக்குக்கு 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு 6-4. டைபிரேக் இல்லாத காலம் என்பதால் மூன்றாவது செட் 22 கேம்கள் நீண்டு 12-10 என்று காக்கிடம் போனது. நான்காவதில் கிருஷ்ணன் 2-5 எனப் பின்தங்கினார். இன்னும் ஒரே ஒரு கேமை காக் எடுத்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடத்திலிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 7-5 என்று செட்டைக் கைப்பற்றினார் கிருஷ்ணன்; கடைசி செட்டை 6-2 என முடித்தார். மொத்தம் 61 கேம்கள். வலிய செர்வ் இல்லாத ஒருவர், ஒவ்வொரு புள்ளியையும் கட்டிக் கட்டி எழுப்பியே தீர வேண்டிய ஒருவர், அந்த நிலையிலிருந்து மீண்டார் என்பதை விம்பிள்டன் அட்டவணை எதுவும் நமக்குச் சொல்லாது. இந்த வெற்றியால்தான் இந்தியா முதன்முறையாகச் சவால் சுற்றுக்குள் நுழைந்தது.

மெல்பர்னின் கூயாங் மைதானத்தில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. அந்த ஒன்று எளிய எண் அன்று. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையை இரட்டையரில் வென்றார்கள். 1965 விம்பிள்டன் இரட்டையர் பட்டம் அந்த இணையிடம்தான் இருந்தது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1960 அரையிறுதியில் ஃபிரேசரிடமும் 1961இல் லேவரிடமும் கிருஷ்ணன் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் வெற்றியாளர்கள். இருவரும் இடக்கை ஆட்டக்காரர்கள், செர்வ் செய்து வலைக்குப் பாய்பவர்கள். ஆக, மிக உயர்ந்த நிலையில் அவருடைய ஆட்டம் போதவில்லை. அமைப்பைக் காரணம் காட்டுவது சாக்கு என்று ஒருவர் சொல்லலாம். முதல் பாதி உண்மை. மென்மையான செர்வுக்கு அந்தப் புல்தரையில் அவர் விலை கொடுத்தார். நான்காம் தரநிலை பெற்று வந்த 1962இல் கணுக்காலில் பட்ட காயமும் அவரை வெளியேற்றியது. ஆனால் இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. இதே லேவரை, இதே ஃபிரேசரை, 1959இல் புல்தரையிலேயே அவர் வென்றிருக்கிறார். இரண்டு பிற்பகல்களின் தோல்வியைக் கொண்டு பதினைந்து ஆண்டு ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுவது நல்ல வரலாற்று முறை ஆகாது.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. கிருஷ்ணனின் தந்தை டி.கே. ராமநாதன் மகனுக்கும், பின்னர் பேரன் ரமேஷுக்கும் ஆட்டம் கற்றுத்தந்தார். ஒரே வீட்டின் பயிற்சி, ஏறக்குறைய ஒரே பாணி, அதே மென்மையான செர்வ். மாறியது சுற்றிலும் இருந்த உலகம். தந்தையின் காலத்தில் தரவரிசை என்பது லான்ஸ் டிங்கே போன்ற பத்திரிகையாளர்கள் ஆண்டு முடிவில் எழுதிய பட்டியல். டிங்கே 1961இல் அவரை 6ஆம் இடத்தில் வைத்தார். 1973இல் கணினித் தரவரிசை வந்தது. 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற ரமேஷ், 1985இல் 23ஆம் இடத்தை எட்டினார், பரிசுப் பணத்தில் வாழ்ந்தார், எங்கும் ஆடினார். தந்தையோ ஓய்வுக்குப் பின் சென்னையில் எரிவாயு விநியோக முகமை நடத்தினார். புதிய அமைப்பு ரமேஷுக்கு வாரந்தோறும் ஓர் எண்ணைத் தந்தது. ஆனால் 1987இல் சிட்னியின் புல்தரையில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டையும், 2-2 என்ற நிலையில் வாலி மஷூரையும் வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனாரே, அந்த வெற்றிகளின் முழு எடையை அந்த எண்ணும் தாங்கவில்லை. மகனின் அந்த ஆட்டங்களைத் தந்தையின் கல்கத்தா ஆட்டத்தோடு ஒரே வரிசையில் வைத்துத்தான் இந்திய டென்னிஸ் வரலாறு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதுபவர் முதலில் தேட வேண்டியவை டேவிஸ் கோப்பையின் ஆட்டக் குறிப்பேடுகளும், போட்டி நடந்த ஊர்களில் மறுநாள் வந்த நாளிதழ்களும்.