பார்படோஸும் ஏழு தண்ணீரும்

மகள் வாங்கி வைத்திருக்கும் முகப்பூச்சு டியூபின் பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிற பொடி எழுத்தில் ‘அலோ பார்படென்சிஸ்’ என்று இருந்தது. எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில், குளிக்கிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் தானாக மண்டிக்கிடந்த சோற்றுக்கற்றாழைக்குக் கரீபியப் பகுதியில் கிடக்கும் ஒரு தீவின் பெயர் எப்படி வந்தது என்று தேடப் போனேன்.

பார்படோஸ் அதற்குப் பிறந்த வீடு இல்லை. ஓமான் பக்கத்து வறண்ட மலைகள்தான் பூர்வீகம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். பார்படோஸ் அது பிழைக்கப் போன ஊர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே பயிரானது, லண்டன் சந்தைக்குச் சரக்காகப் போனது. 1768இல் பர்மன் என்ற டச்சுக்காரர் தம் நூலில் ‘அலோ வேரா’ என்று பெயரிட்டார். ‘வேரா’ என்றால் லத்தீனில் ‘உண்மையான’ என்று பொருள். அதே ஆண்டு, சில நாள் இடைவெளியில், லண்டன் தோட்டக்கலைஞர் பிலிப் மில்லரின் அகராதி அதையே ‘அலோ பார்படென்சிஸ்’ என்றது. முந்தியவர் பெயரைத் தாவரவியல் ஏற்றுக்கொண்டது. பிந்தியவர் பெயர் டியூபில் ஒட்டிக்கொண்டது.

பார்படோஸிலிருந்து கப்பலேறியது முகத்துக்குப் பூசுகிற சோறு இல்லை. இலையை அடியோடு வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்வான மரத்தொட்டியில் அடுக்குவார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பால் சொட்டுச் சொட்டாக வடியும். அதைச் செப்புக் கொப்பரையில் கறுக்கக் காய்ச்சி, சுரைக் குடுக்கைகளில் ஊற்றி இறுக விடுவார்கள். அதுதான் சரக்கு. பேதி மருந்தாக உலகமெல்லாம் விற்றது. பால் வடிந்த இலை கழிவு.

இந்தப் பழக்கம் பார்படோஸோடு தொடங்கியதும் இல்லை. நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றிப் பேசும் பழைய கிரேக்கக் கடல்வழி நூலான ‘எரித்ரியக் கடல் பெரிப்ளூஸ்’, தென் அரேபியத் துறைமுகமான கானேயிலிருந்து சாம்பிராணியோடு ஏற்றுமதியானதாகக் கற்றாழைச் சரக்கையும் சொல்கிறது. எங்கள் தெரு நாட்டு மருந்துக்கடையில் அதற்கு மூசாம்பரம் என்று பெயர், கரியபோளம் என்றும் கேட்பார்கள். உடைந்த கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்பாவுக்குக் கால் பிசகினால் அம்மா அதை முட்டை வெள்ளையில் குழைத்துப் பத்துப் போடுவாள்.

வெளியூர் வணிகம் பாலைப் பார்த்தது என்றால், நாம் வைத்த பெயர் உள்ளே இருப்பதைப் பார்த்தது. மரம் செடிகளின் உள்ளீட்டுக்குத் தமிழில் சோறு என்று பெயர் உண்டு. ஆச்சியின் கணக்கில் அந்தச் சோறு ஏழு தண்ணீர் பார்க்க வேண்டும். இலையை அறுத்து ஏனத்தில் நிமிர்த்தி வைப்பாள். அடியில் மஞ்சள் தேங்கும். பிறகு ஓரத்து முள்ளைச் சீவி, தோலை உரித்து, வழுவழுவென்ற கட்டியை அலசி அலசி ஊற்றுவாள். பன்னிரண்டு வயதில் எனக்குப் பொறுமை இல்லை. பறித்த கையோடு இலையைப் பிளந்து கன்னத்தில் தேய்த்தேன். சாயங்காலத்துக்குள் அரிப்பெடுத்து, முகம் தக்காளியாகிவிட்டது. “ஏட்டி, ஏழு தண்ணி பாக்காம மூஞ்சில வைக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்!” என்று ஆச்சி மோரில் துணியை நனைத்து ஒற்றினாள்.

மேல்நாட்டு மருத்துவம் கற்றாழையைத் தோல் மருந்தாகத் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு பெண்ணின் நெற்றி. எக்ஸ்ரேயால் புண்ணான அந்த நெற்றியில் பச்சைக் கற்றாழை இலையை வைத்துக் குணம் கண்டதாக 1935இல் காலின்ஸ் என்ற பெயருடைய இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் வெட்டிய சோறு சீக்கிரம் நிறம் மாறிக் கெடும். அதைக் கெடாமல் புட்டியில் அடைக்கும் வித்தை 1970களில் கைவந்த பிறகுதான் அழகுசாதனக் கடைகளில் அது குவிந்தது. சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் இருக்கும் கொழகொழப்பான மாவுச்சத்து வகைதான் தோலில் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதற்கு நிறமே கிடையாது. டியூபில் இருக்கும் கிளிப்பச்சை, போட்ட சாயம்.

இப்போதும் வாரம் மூன்று நாள், ராத்திரி முகம் கழுவியபின் நான் பூசுவது தொட்டியில் வளர்கிற இலையைத்தான். தட்டில் தேங்கும் மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம், பார்படோஸ்காரர்கள் காய்ச்சி விற்றதை நான் சாக்கடையில் ஊற்றுகிறேன், அவர்கள் கழித்துப் போட்டதைக் கன்னத்தில் வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள். டியூப் தீர்ந்துவிட்டதாம், தோழி ஊரிலிருந்து இலை கொண்டுவந்திருக்கிறாளாம்.

“ஏழு தடவையாம்மா கழுவணும்? இங்க தண்ணி லாரியில வருது. நாலு போதாதா?”

“நுனி நாக்குல வச்சுப் பாரு. கசந்தா இன்னொரு தண்ணி” என்றேன்.