தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்கள்

அந்தமான் கடலிலும் தாய்லாந்து வளைகுடாவிலும் உள்ள தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடற்பரப்பையும் ஒருசேரக் காக்கும் பூங்காக்கள் இவை. தாருத்தாவ், சிமிலான், சுரின், ஆங் தோங், பீ பீ ஆகியன இவற்றுள் புகழ்பெற்றவை. பவளத்திட்டுகளும் கடற்புல் வெளிகளும் ஆமைகள் முட்டையிடும் மணற்கரைகளும் இவற்றின் செல்வம். மக்களை வரவேற்பதில் தொடங்கிய இப்பூங்காக்களின் வரலாறு, அரை நூற்றாண்டில் அந்த வருகைக்கு வரம்பு கட்டும் நிலைக்கு வந்திருக்கிறது.

தோற்றம்

தாய்லாந்தின் தேசியப் பூங்காச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. மறு ஆண்டே காவ் யாய் மலைக்காடு நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1966இல் காவ் சாம் ரோய் யோத் வழியாகப் பாதுகாப்பு கடலோரத்தை எட்டியது. 1974இல் தாருத்தாவ் அறிவிக்கப்பட்டபோதுதான் ஒரு தீவுக்கூட்டம் முழுவதும், அதைச் சுற்றிய கடலோடு சேர்ந்து, காப்புக்குள் வந்தது. மலேசியாவின் லங்காவிக்கு வடக்கே, 51 தீவுகளுடன் ஏறத்தாழ 1,490 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்தது இப்பூங்கா.

தாருத்தாவுக்கு இருண்ட முன்கதை உண்டு. 1930களின் இறுதியில் அது கைதிகளை அனுப்பும் தீவாக இருந்தது. அரசியல் கைதிகளும் அங்கே அடைக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது உணவும் மருந்தும் வருவது நின்றுபோகவே, காவலரும் கைதிகளும் கூட்டுச் சேர்ந்து கடற்கொள்ளையில் இறங்கினார்கள். 1946இல் பிரித்தானியப் படை அதை ஒடுக்கியது.

விரிவு

ஆங் தோங் 1980இலும், சுரினும் பாங்கா விரிகுடாவும் 1981இலும், சிமிலான் 1982இலும், பீ பீ தீவுகள் 1983இலும் பூங்காக்களாயின. ஒன்பது தீவுகளோடு தொடங்கிய சிமிலான், 1998இல் போன், தாச்சாய் தீவுகளையும் சேர்த்துக்கொண்டது.

அந்தமான் கடலில் எப்போது பயணம் செய்யலாம் என்பதைப் பருவக்காற்றே முடிவு செய்கிறது. சிமிலானுக்கு எதிரே உள்ள தக்குவா பா பகுதியில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. மணிக்கிராம வணிகரின் பெயரைச் சொல்லும் அக்கல்வெட்டு, காற்றின் போக்கறிந்து இங்கே வந்து சென்ற பழங்காலக் கடலோடிகளுக்குச் சான்று. இன்றும் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை சிமிலானும் சுரினும் மூடப்படுகின்றன. பவளத்திட்டுகளுக்கும் அதுவே ஓய்வுக்காலம்.

பூங்காக்கள் வருவதற்கு முன்பே இத்தீவுகளில் மனிதர் இருந்தார்கள். சுரினில் வாழும் மோக்கென் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே குடும்பம் நடத்தியவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் திடீரென உள்வாங்கியதைக் கண்டதும், முன்னோர் சொன்ன பேரலைக் கதையை நினைவுகூர்ந்து அவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். வீடுகளையும் படகுகளையும் அலை கொண்டுபோனது. மக்கள் ஏறக்குறைய அனைவரும் உயிர் தப்பினார்கள். கடலைக் காக்கும் எந்தத் திட்டமும் இத்தகைய அறிவை மதித்தே ஆக வேண்டும்.

வருகைப் பெருக்கம்

பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவில் 1999இல் படமாக்கப்பட்டு, 2000இல் வெளியான ‘தி பீச்’ திரைப்படம் அந்த இடத்தை உலகறியச் செய்தது. விசைப்படகுகள் பெருகின. சுமார் 250 மீட்டர் நீளமே உள்ள கடற்கரையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். நங்கூரம் விழுந்த இடத்தில் பவளம் நொறுங்கியது. படகுகளின் சுழலி கிளப்பிய மணல் பவள உயிர்களின் மேல் படிந்து, அவற்றுக்கு வேண்டிய வெளிச்சத்தை மறைத்தது. கரையைப் பிடித்து நின்ற செடிகொடிகள் மிதிபட்டு அழிந்தன.

மூடுதலும் மீட்சியும்

2010இல் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியதால் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஏழு பூங்காக்களில் 18 முக்குளிப்பு இடங்கள் மூடப்பட்டன. கூட்டம் தாங்காமல் தவித்த தாச்சாய் தீவு 2016இல் காலவரையின்றி மூடப்பட்டது. 2018 ஜூன் மாதம் மாயா விரிகுடாவும் மூடப்பட்டது. சில மாதங்களுக்கு என்று தொடங்கிய தடை மூன்றரை ஆண்டுகள் நீண்டது. அந்த இடைவெளியில் பவளக்கிளைகள் நட்டு வளர்க்கப்பட்டன. கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பின.

2022 ஜனவரியில் மாயா விரிகுடா மீண்டும் திறக்கப்பட்டபோது விதிகள் புதியனவாக இருந்தன. படகுகள் தீவின் பின்புறத்தில் நிற்க வேண்டும்; மணிக்கு 375 பேருக்கு மட்டுமே அனுமதி; நீச்சலுக்குத் தடை. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அடைப்பு என்ற வழக்கமும் பின்னர் வந்தது. சிமிலானில் 2018 முதல் தீவுகளில் இரவு தங்கல் நிறுத்தப்பட்டு, நாளொன்றுக்கு 3,850 பேர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதில் 525 இடங்கள் முக்குளிப்போருக்கு உரியவை. பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்சிபென்சோன் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் களிம்புகளை 2021இல் அரசு பூங்காக்களில் தடை செய்தது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம்.

பார்வையிடும் முறை

சிமிலானுக்குக் காவ் லாக் அருகிலுள்ள தாப் லமு துறையிலிருந்தும், சுரினுக்குக் குரா புரியிலிருந்தும், தாருத்தாவுக்குப் பாக் பாராவிலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். வருகைக்கு உச்சவரம்பு உள்ள இடங்களுக்கு முன்பதிவு செய்துகொள்வதே நல்லது. பவளத்தைத் தொடுவதும் அதன்மேல் கால் ஊன்றுவதும் மீன்களுக்கு இரை போடுவதும் சிப்பி, சங்குகளை எடுத்துவருவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மதிப்பீடு

சூடேறும் கடலை எந்தப் பூங்கா நிர்வாகமும் தடுத்து நிறுத்த முடியாது. 2024இலும் பவளங்கள் வெளிறிப் பல இடங்கள் மூடப்பட்டன. ஆனால் நங்கூரத்தையும் கூட்டத்தையும் கழிவையும் மனிதரால் குறைக்க முடியும். அவை குறைந்தால், வெப்பத்தால் நலிந்த திட்டு மறுபடி தழைக்க வாய்ப்புக் கிடைக்கும். ஓய்வு கொடுத்தால் கடல் தேறும் என்பதை மாயா விரிகுடா காட்டியிருக்கிறது. எனவே நுழைவுக்கு விதிக்கப்படும் வரம்பைப் பயணிகளுக்கு எதிரானதாகக் கருதக் கூடாது. இத்தீவுகளை இனி வரும் தலைமுறையும் காண அதுவே வழி.