குழந்தைகளுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சை: கொடையாளர் தேடலின் வரலாறு

குருத்தணுக்கள் உள்ள மஜ்ஜையை மாற்றுவது என்றதும் ரத்தப் புற்றுநோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், வேறொருவரின் மஜ்ஜை ஒரு குழந்தையின் உடலில் நிலைத்து அதை நெடுங்காலம் வாழவைத்த முதல் வெற்றி புற்றுநோயில் கிடைத்ததன்று. நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த ஒரு சிசுவிடம் கிடைத்தது. அதற்கு உடலியல் சார்ந்த தெளிவான காரணம் உண்டு.

அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ், மஜ்ஜையை ரத்தக்குழாய் வழியே ஏற்றிய முதல் முயற்சிகளை 1957இல் வெளியிட்டார். ரத்தப் புற்றுநோய் கண்ட இரு குழந்தைகளுக்குக் கடும் கதிர்வீச்சு கொடுத்து, அவர்களுடன் பிறந்த ஒத்த இரட்டையரின் மஜ்ஜையை அவரது குழு செலுத்தியது 1959இல் பதிவானது. மஜ்ஜை வேர்பிடித்தது, சில மாதங்களில் புற்றுநோய் திரும்பிவிட்டது. இரட்டையர் அல்லாதவரின் மஜ்ஜையோ ஏற்கப்படவில்லை, அல்லது அதிலிருந்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கின. பாரிஸில் ழான் தொசே 1958இல் வெள்ளணு அடையாளத்தைக் கண்டறிந்தார். அதன்வழி வளர்ந்த எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கும் முறை பயன்பாட்டுக்கு வரும் முன்பே பலர் இம்முயற்சியைக் கைவிட்டிருந்தனர்.

திருப்பம் 1968இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. ராபர்ட் குட் தலைமையிலான குழுவிடம் வந்த ஆண் சிசுவுக்கு எஸ்.சி.ஐ.டி. எனும் கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தது. அவனுடைய தாய்வழியில் ஏற்கெனவே பல ஆண் குழந்தைகள் தொற்றுக்குப் பலியாகியிருந்தனர். அக்காமார் நால்வரில் ஒருத்தியின் மஜ்ஜை ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் அவள் ரத்தம் ஓ வகை, தம்பியின் ரத்தம் ஏ வகை. புதிதாக வேரூன்றிய அணுக்கள் அவனுடைய பழைய ரத்த உற்பத்தியை அழித்தன. குழு பின்வாங்காமல் அதே அக்காவின் மஜ்ஜையை இரண்டாம் முறை செலுத்தியது. அவன் ரத்தமே ஓ வகையாக மாறியது. அவன் வளர்ந்து பெரியவனானான். புற்றுநோய்க் குழந்தைக்கு மருந்தாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜையை அழித்தாக வேண்டும். இச்சிசுவின் உடலிலோ அயல் அணுக்களை விரட்டும் டி அணுக்களே இல்லை. ஆகவேதான் வழி இங்கே முதலில் திறந்தது என்று கருதுகிறேன்.

உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்றக் குழந்தைகளின் கதி? விஸ்காட்-ஆல்ட்ரிச் எனும் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள மகன் அந்தோனி நோலனுக்காக ஷர்லி நோலன் 1974இல் லண்டனில் கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலே அந்தோனி 1979இல் இறந்தான். பதிவேடு பிறரைக் காத்துவருகிறது. பெற்றோரின் பாதிப் பொருத்தமுள்ள மஜ்ஜையிலிருந்து தாக்கும் டி அணுக்களைச் சோயா புரதத்தின் துணையால் நீக்கும் முறையை யாயிர் ரைஸ்னர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1988இல் பாரிஸில் எலியான் க்ளுக்மான், ஃபேன்கோனி ரத்தசோகை உள்ள சிறுவனுக்கு மஜ்ஜைக்குப் பதிலாகத் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றி வென்றார்.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983இலும், வேலூர் சி.எம்.சி. 1986இலும் இச்சிகிச்சையைத் தொடங்கின. வேலூரின் முதல் நோயாளி தலசீமியா கண்ட குழந்தை.

2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, எஸ்.சி.ஐ.டி. குழந்தைகள் 240 பேரின் பதிவுகளை அலசியது. மூன்றரை மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்; அவர்களுக்குக் கொடையாளர் யார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அந்த வயதைக் கடந்து, தொற்று நீடிக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிப்பேரே பிழைத்தனர். அரை நூற்றாண்டுக் கொடையாளர் தேடலுக்குப் பிறகு, இக்குழந்தைகளின் உயிரைத் தீர்மானிப்பது நோயை எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதே. பிறந்த சிசுவின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இக்குறைபாட்டைக் கண்டறியும் பரிசோதனையை விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது. நம் நாட்டில் அது எல்லாச் சிசுக்களுக்கும் செய்யப்படுவதில்லை. பிறந்தவுடன் இங்கு போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பதோ உயிருள்ள கிருமி. இக்குறைபாடுள்ள சிசுவின் உடலெங்கும் அது பரவக்கூடும். எனவே, குடும்பத்தில் கைக்குழந்தைகள் தொற்றால் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.