நாள்பட்ட பாத வலி: மேற்பூச்சு மருந்துகளைப் பயன்படுத்தும் முறை

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும், எல்லை கடந்து இடுக்கி ஏலத்தோட்டங்களிலும் உழைப்போர் நாள் முழுவதும் பாதங்களை ஊன்றியே பணிபுரிகின்றனர். பாத வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி எனப்படும். களிம்பு வாங்குமுன் வலியின் காரணத்தை அறிதல் வேண்டும். ஒரு வலிக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்குத் தீங்காகலாம்.

எந்த வலிக்கு எந்த மருந்து?

மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலிக்கு டைக்ளோபினாக் ஜெல் ஓரளவு பயன் தரும். மாத்திரையைக் காட்டிலும் மிகக் குறைவாகவே இது இரத்தத்தில் கலக்கிறது. எனினும் சிறுநீரக நோய், குடற்புண் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பூசலாகாது.

மென்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த வலி நிவாரணத் தைலங்கள் குளிர்ச்சியும் சூடும் ஊட்டி வலியுணர்வைச் சிறிது நேரம் மறைக்கின்றன, நோயைக் குணப்படுத்துவதில்லை. இவற்றைப் பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகும். வார்பரின் உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு ஏற்படக்கூடும்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலிக்குக் களிம்பைவிடக் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற காலணியுமே நற்பலன் தரும்.

நரம்புப் பாதிப்பால் வரும் எரிச்சலுக்கு மருத்துவர் கேப்சைசின் களிம்பைப் பரிந்துரைக்கலாம். இது மிளகாயின் காரப்பொருளே. முதல் சில நாட்கள் எரியும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மிளகாய் அரைத்த கையைப் போலவே, பூசிய கையால் கண்ணைத் தொடக்கூடாது. சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

நடவுக் காலத்தில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு வலித்தைலம் பயன்படாது. பாதத்தை உலர வைத்து, பூஞ்சைக்கான மருந்தை மருத்துவர் கூறிய காலம் வரை பூச வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாக வாங்கிப் பூசினால் அரிப்பு தணிவதுபோல் தோன்றி, தொற்று உள்ளுக்குள் பரவும்.

நீரிழிவு நோயாளிகளின் பாதங்கள்

மரத்துப்போன பாதத்திற்குச் சூடும் காயமும் தெரிவதில்லை. ஆகவே இவர்கள் காரத்தைலங்களையும் ஒத்தடத்தையும் தவிர்க்க வேண்டும். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பைத் தடவலாம்; ஆனால் விரலிடுக்குகளில் ஈரம் தங்கினால் புண்ணாகும் என்பதால் அங்கே தடவலாகாது. பார்வை மங்கிய முதியோரின் உள்ளங்கால்களைப் பராமரிப்பவர் நாள்தோறும் பார்ப்பது நன்று. 2021 ஆகஸ்ட் முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் பாத வலி குறித்துத் தெரிவிக்கலாம்.

ஆறாத புண், தோல் கறுத்தல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், காய்ச்சலுடன் சிவத்தல், சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் களிம்பு பூசிக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ உடனே அணுகவும். பூசிவந்த களிம்பின் குழாயையும் உடன் கொண்டு செல்லவும்.