விழித்திரையின் நுண்குழாய்களும் ரத்தக் கொதிப்பின் பரம்பரையும்

உடலை அறுக்காமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க வாய்ப்புள்ள இடம் விழித்திரை. 1850இன் இறுதியில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆஃப்தால்மாஸ்கோப்பை உருவாக்கிய பிறகே அந்தக் காட்சி மருத்துவர்களுக்குக் கிடைத்தது. 1859இல் ரிச்சர்ட் லீப்ரைக், சிறுநீரக நோயாளிகளின் விழித்திரையில் காணும் கேடுகளை விவரித்தார்.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மார்கஸ் கன் 1890களில் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். ஒடுங்கிய தமனிகள், அவற்றின் சுவரில் செம்புக் கம்பி, வெள்ளிக் கம்பி போன்ற மினுமினுப்பு, தமனி கடக்கும் இடத்தில் நசுங்கிய சிரை என அவர் குறித்த அடையாளங்கள் இன்றும் பாடநூல்களில் உள்ளன. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தை அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி வெளியிட்டது 1896இல்தான். ஸ்டெதாஸ்கோப்பால் ஒலி கேட்டு அளக்கும் கொரோட்காஃபின் முறை 1905இல் வந்தது. அழுத்தத்தை எண்ணால் சொல்லும் பழக்கம் பரவுமுன்பே அதன் தடயத்தைக் கண்ணில் படித்துவிட்டார்கள்.

1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் மூவரும் ரத்தக் கொதிப்புள்ள 219 நோயாளிகளை, பெரிதும் விழித்திரையின் நிலையைக் கொண்டே, நான்கு பிரிவுகளாக வகுத்தனர். மூன்றாண்டுக்குப் பின் முதல் பிரிவில் 70 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர். பார்வை நரம்பின் முனை வீங்கிய நான்காம் பிரிவில் 6 சதவீதத்தினர் மட்டுமே. நல்ல மருந்து இல்லாத காலம் அது. ஆனால் தொடக்க நிலை மாற்றங்களைத் தரம்பிரிப்பதில் ஒரு மருத்துவரின் கணிப்பும் மற்றவரின் கணிப்பும் ஒத்துப்போவதில்லை. அந்தக் குறையைப் புகைப்படங்கள்தான் பின்னர் ஓரளவு தீர்த்தன.

இதற்கிடையே ரத்தக் கொதிப்பு பரம்பரையாக வருவது எப்படி என்று பிரிட்டனில் நீண்ட சர்ச்சை நடந்தது. அது தனியொரு நோய், ஒற்றை மரபணுவால் கடத்தப்படுவது என்றார் மான்செஸ்டரின் ராபர்ட் பிளாட். உயரத்தைப் போலவே அழுத்தமும் மக்களிடையே இடைவெளியின்றி ஏறிச் செல்வது, பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்றார் ஜார்ஜ் பிக்கரிங். காலம் பிக்கரிங் பக்கமே நின்றது.

விழித்திரைப் படங்களில் குழாய்களின் அகலத்தைக் கணினியால் அளக்கத் தொடங்கியதும், ஒடுக்கம் அழுத்தத்தின் விளைவா, காரணமா என்ற கேள்வி எழுந்தது. குழாய் ஒடுங்குவது அழுத்தத்தின் விளைவு என்றே அதுவரை பெரும்பாலும் கருதப்பட்டது. அமெரிக்காவின் பீவர் டாம் உள்ளிட்ட ஆய்வுகளில், அழுத்தம் சரியாக இருந்தபோதே நுண்தமனி ஒடுங்கியிருந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தக் கொதிப்பு அதிகமாக வந்தது. 2004இல் வெளியான இந்த முடிவை 2006இல் ராட்டர்டாம் ஆய்வும் உறுதிசெய்தது. இயற்பியலும் இதற்கு இடம் தருகிறது: குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும்.

அப்படியானால் ஒடுக்கம் பிறப்பிலேயே வருவதா? 2006இல் வெளியான டென்மார்க் இரட்டையர் ஆய்வு, அகல வேறுபாட்டில் நுண்தமனிக்கு ஏறத்தாழ 70 சதவீதமும் நுண்சிரைக்கு 83 சதவீதமும் மரபின் பங்கு எனக் கணக்கிட்டது. அந்த ஆய்வில் பங்கேற்ற குழுவுக்கு உரிய கணக்கு இது. எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்தாது.

2010இல் பல நாட்டு ஆய்வுகளை இணைத்து மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்தபோது, 5, 6, 12, 19ஆம் குரோமோசோம்களில் நான்கு இடங்கள் தென்பட்டன. நான்கும் நுண்சிரையின் அகலத்தோடு தொடர்புடையவை. ரத்தக் கொதிப்போடு நெருங்கிய நுண்தமனிக்கு ஒன்றும் தேறவில்லை என்பதுதான் வேடிக்கை. இருப்பினும் 12ஆம் குரோமோசோமில் கிடைத்த பகுதி, 2009இலேயே ரத்த அழுத்த ஆய்வுகளில் வெளிப்பட்டிருந்தது. நுண்தமனிக்கான முதல் உறுதியான இடம் 2013இல் 5ஆம் குரோமோசோமில், எம்இஎஃப்2சி மரபணுவின் அருகே கிடைத்தது.