சீயம் வந்த வழி

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் அருகில் இருக்கிறது சீயமங்கலம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைவித்த சிவன் கோயில் அங்கே உண்டு. அதன் தூணிலும் சிங்கம், ஊர்ப்பெயரிலும் சிங்கம். சீயம் என்பது சிங்கத்தின் பழைய பெயர்.

வடமொழிச் 'சிம்ஹ' தமிழுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. மூக்கொலியை விடாமல் வந்தது சிங்கம் ஆயிற்று. பிராகிருதத்திலோ மூக்கொலி உதிர்ந்து, அதற்கு ஈடாகக் குறில் நீண்டு 'சீஹ' ஆனது. ஹகரம் தமிழ் நாவில் யகரமாக, சீயம் பிறந்தது. இலங்கைச் சீகிரியாவின் முதலில் நிற்பதும் இந்தச் 'சீஹ'தான். பேச்சில் சிங்கம் வென்றது. சீயம் செய்யுளிலும் ஊர்ப்பெயரிலும் தங்கியது. வழக்கொழிந்த சொல்லை அகராதியைவிட ஊர்ப்பெயரே நன்றாகக் காக்கிறது என்பேன். அகராதியை எடுத்துப் பிரிக்க வேண்டும். ஊர்ப்பெயரைப் பேருந்து நடத்துநர் தினமும் கூவுகிறார்.

இங்கே சிங்கத்தின் பெயர் ஊரில் நின்றது என்றால், எகிப்தில் சிங்கத்தின் படமே ஒலியானது. படுத்திருக்கும் சிங்கம் 'ரு' என்ற ஒலியைக் குறித்தது. லகரத்துக்கென்று தனி எழுத்து அங்கே இல்லை. கிரேக்க அரசர்களின் பெயர்களை எழுத நேர்ந்தபோது அந்தச் சிங்கமே லகரத்துக்கும் நின்றது. தாலமியின் பெயரில் நான்காவது குறி, கிளியோபாத்ராவின் பெயரில் இரண்டாவது குறி. இரண்டு பெயரிலும் லகரம் வரவேண்டிய இடத்தில் சிங்கம் படுத்திருந்தது, எகிப்தியச் சித்திர எழுத்தை 1822இல் வாசித்தறிந்த சாம்போலியோனுக்குப் பெருந்துணையானது.

கணினியில் எழுத்துக்கு எண் தரும் யூனிகோட், 2009இல் 1071 எகிப்தியக் குறிகளுக்கு இடம் தந்தது. அந்தச் சிங்கத்துக்குக் கிடைத்த எண், பதின்ம முறையில் 78061. படம் முழுவதற்கும் ஓர் எண்தான். நம் சீயத்துக்கு ஐந்து எண்கள்: 2970, 3008, 2991, 2990, 3021. 'சீ' ஓரெழுத்து என்று நாம் படித்தோம். கணினி அதைச் சகரம் ஒன்று, நெடில் குறி ஒன்று என்று பிரித்தே வைத்திருக்கிறது.

சீயமங்கலத்துக் கல்வெட்டு, மன்னனை லளிதாங்குரன் என்றும் கோயிலை அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் சொல்கிறது. அது பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டது. கிரந்தம் யூனிகோடில் ஏறியது 2014இல், எகிப்துக்கு ஐந்தாண்டு கழித்து. உரிய எழுத்துரு இல்லாத கைப்பேசியில் எகிப்தியச் சிங்கமும் கிரந்தமும் வெறுங்கட்டங்களாகவே தெரியும். அந்தக் கல்வெட்டை அதே வரிவடிவில், எந்தக் கைப்பேசியிலும் கட்டம் விழாமல், ஒருநாள் தட்டிப் பார்த்துவிட வேண்டும் எனக்கு.