லீஸ் ஃபெர்ரி என்னும் ஓடத்துறை

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒருங்கே அமைந்த வீட்டு வண்டிகளில் அரிசோனாவின் வடபகுதிப் பாலைவனத்தினூடே நெடும் பிரயாணம் புறப்படும் குடும்பங்கள், நவஹோ பாலத்தின்மீது கொலராடோ நதியைக் கடக்கச் சில விநாடிகளே போதும். அச்சில விநாடிகளுக்குப் பின்னே அரை நூற்றாண்டைக் கடந்த ஓட சரித்திரம் ஒன்று உண்டு.

மேலே க்ளென் கான்யனும் கீழே மார்பிள் கான்யனும் செங்குத்துப் பாறைகளால் நதியைச் சிறைப்படுத்தியிருக்க, இடையே பரியா என்னும் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் மட்டும் கரைகள் தாழ்ந்து சக்கரங்களுக்கு வழிவிட்டமையால், மார்மன் சமயத்தவரான ஜான் டி. லீ 1873-இல் அங்கே ஓடம் விடத் தொடங்கினார். மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில் 1857-இல் நிகழ்ந்த படுகொலைக்காக 1877-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. ஓடமோ நிற்கவில்லை, அவர் மனைவி எம்மா அதை நடத்தினார். யூட்டாவிலுள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தங்கள் விவாகத்தைச் சமய விதிப்படி உறுதி செய்துகொள்ள விழைந்த அரிசோனாவின் இளந்தம்பதிகள் கூண்டு வண்டிகளில் இத்துறையைக் கடந்தே போனார்கள். (தேனிலவுப் பாதை என்ற அழகிய பெயர் பிற்காலத்தார் இட்டது.) வழியிலேயே சமைத்து, வண்டியருகிலேயே உறங்கிய அவர்களே, என் அபிப்பிராயத்தில், இன்றைய வீட்டு வண்டிக்காரர்களின் மெய்யான முன்னோர்.

1928 ஜூன் மாதத்தில் ஓடம் கவிழ்ந்து மூவர் மாண்டனர். பால வேலை முடியாதிருந்தபடியால், கண்ணெதிரே தெரியும் மறுகரைக்குச் சாமான் கொண்டுபோக ஏறக்குறைய 800 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. 1929 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்டது. 1995-இல் அருகே அகன்ற புதுப்பாலம் எழுந்தபின், பழையது நடந்து செல்வோருக்கென்று விடப்பட்டிருக்கிறது.